பெரிய வங்கியா, கிரெடிட் யூனியனா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவில் வந்து இறங்கியவுடன் எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்பதை நம்மில் பலர் தீர்மானிப்பதே இல்லை. விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த அண்ணாவோ மாமியோ எந்த வங்கிக்குப் போகிறாரோ, அதுவே நமக்கும் வங்கியாகிவிடுகிறது. முதல் ஆண்டு மாதக் கட்டணம் இல்லை, கிரெடிட் கார்டு ஒன்று தருகிறார்கள், கிளையில் தமிழ் பேசும் ஒருவரும் இருக்கிறார். வேறென்ன வேண்டும் என்று நினைத்து அங்கேயே இருந்துவிடுகிறோம். சலுகை முடிந்த மாதத்திலிருந்து கட்டணம் வெட்டத் தொடங்குவதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை.

ஆறு பெரிய வங்கிகள் கையில்தான் கனடாவின் வங்கித் தொழில் பெரும்பாலும் இருக்கிறது: ஆர்பிசி, டிடி, ஸ்கோஷியா, பிஎம்ஓ, சிஐபிசி, நேஷனல். ஏழாவதாக எண்ணத்தக்க அளவில் இருந்த எச்எஸ்பிசி கனடாவையும் 2024 மார்ச்சில் ஆர்பிசி வாங்கிவிட்டது. இவற்றைத் தவிர வேறு வழி உண்டு என்பதும், அந்த வழியில் அரசு விதித்த காப்புறுதியோடு இயங்கும் நிறுவனங்கள் நம் தெருமுனையிலேயே இருக்கின்றன என்பதும் புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவைதான் கிரெடிட் யூனியன்கள். குடும்பத்தின் சேமிப்பையும் கடனையும் அங்கே கொண்டுபோவது பெரும்பாலான புதுவரவுக் குடும்பங்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அவசரப்படாமல், ஒழுங்கோடு செய்ய வேண்டும். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். இது ஒன்ராறியோவுக்கானது, மற்ற மாகாணங்களில் சட்டம் வேறு.

இது என்ன நிறுவனம்?

நமக்குப் புதியது இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவோ அப்பாவோ பங்கு வைத்திருந்திருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் இருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கம் தெரிந்திருக்கும். சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் சுமையை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, ஜெர்மனியில் ராய்பைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை அங்கும் தொடங்க வேண்டும் என்று 1890களில் அறிக்கை எழுதினார். 1904இல் அதற்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் பதிவானது.

அந்த ஜெர்மன் வேரிலிருந்து கிளைத்த இன்னொரு மரபுதான் கனடாவுடையது. ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உரைகளைக் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்த அல்போன்ஸ் டெஜார்டின், 1897இல் ஓர் உறுப்பினர் பேசியதைக் கேட்டார். 150 டொலர் கடன் வாங்கிய ஒருவரிடமிருந்து 5,000 டொலர் வட்டி கறந்தார்கள் என்ற செய்தி அந்த உரையில் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஐரோப்பியச் சங்கங்களைப் பற்றிப் படித்தும் கடிதம் எழுதிக் கேட்டும் அறிந்துகொண்ட அவர், 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி என்ற ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். 1901 ஜனவரி 23ஆம் திகதி வைப்பு வாங்கத் தொடங்கியபோது முதலில் வந்த தொகை 10 சதம். அன்று மொத்தம் 26 டொலர் 40 சதம். அவர் ஒட்டாவாவில் வேலையில் இருந்த மாதங்களில் கணக்கு வழக்கு முழுவதையும் பார்த்தவர் மனைவி டோரிமென்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. கணக்கு வைத்திருப்பவர்களே உரிமையாளர்கள். ஒரு சிறு பங்கு வாங்கி உறுப்பினராகிறீர்கள். இயக்குநர் சபையைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கு ஒரு வாக்கு. 50 டொலர் வைத்திருப்பவருக்கும் 5 இலட்சம் வைத்திருப்பவருக்கும் அதே ஒன்றுதான். வெளியில் பங்குச் சந்தையில் இருக்கும் முதலீட்டாளருக்கு இலாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மிஞ்சும் பணம் கையிருப்பாகச் சேர்கிறது, அல்லது வட்டிவீதத்திலும் கட்டணத்திலும் உறுப்பினருக்கே திரும்புகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்த நகரத்திலேயே இருப்பார். கனடாவில் இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒருவருக்குக் கணினி கொடுக்கும் கடன் புள்ளியில் சொல்ல எதுவும் இருக்காது. உங்கள் சம்பளச் சீட்டையும், வாடகையைத் தவறாமல் கட்டிய பதிவையும், ஊரில் நீங்கள் செய்த தொழிலையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பது அங்கேதான் சாத்தியப்படுகிறது. எல்லாக் கிரெடிட் யூனியன்களும் அப்படி இல்லை. பெரிதாக வளர்ந்தவை சில, வங்கி போலவே நடக்கின்றன. அதனால்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதற்படி: முதல் மாதத்தில் அலைக்கழிய வேண்டாம்

வந்த வாரத்தில் தேவைப்படுவது ஒரு கணக்கு மட்டும்தான். அதைப் பெரிய வங்கியில் திறப்பதில் தவறில்லை. ஒரு காரணம் சட்டம். வேலை இல்லாவிட்டாலும், வைப்பிலிடப் பணம் இல்லாவிட்டாலும், முன்பு வங்குரோத்து ஆகியிருந்தாலும், ஏற்கத்தக்க அடையாள ஆவணம் இருந்தால் உங்களுக்குக் கணக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது. மாகாணச் சட்டத்தின் கீழ் இயங்கும் கிரெடிட் யூனியன்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அகதிக் கோரிக்கையாளராக வந்திருப்பவர்கள் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெடிட் யூனியன் மறுத்தால் மனம் சோர வேண்டாம். வங்கியில் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. வங்கி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுப்பது அவர்களின் கடமை.

மாணவர்களுக்கு வேறொரு காரணம். படிப்பு அனுமதிக்காக ஜிஐசி எனப்படும் நிலையான வைப்பைப் போட்டுவிட்டே உங்களில் பலர் வருகிறீர்கள். அந்தப் பணம் மாதா மாதம் அதே வங்கியில்தான் விடுவிக்கப்படும். அது முடியும்வரை அங்கே இருந்துகொண்டே மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.

கணக்குத் திறந்த அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: கட்டணச் சலுகை எந்த மாதம் முடிகிறது, அதன் பிறகு மாதம் எவ்வளவு. பெரிய வங்கிகளில் சாதாரண நடைமுறைக் கணக்குக்கு மாதம் சுமார் 11 முதல் 18 டொலர்வரை ஆகும். 17 டொலர் என்றால் ஆண்டுக்கு 204. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் 408. கட்டணத்தைத் தவிர்க்க வேண்டுமானால் 3,000, 4,000 டொலரை எப்போதும் எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பணம் உள்ளவருக்கு இலவசம், இல்லாதவருக்குக் கட்டணம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் நியாயமாகத் தெரிந்ததில்லை.

இரண்டாம் படி: எதில் சேரலாம் என்று பாருங்கள்

கிரெடிட் யூனியன்கள் ஆரம்பத்தில் ஒரு தொழில், ஒரு ஊர், ஓர் இனக்குழு என்று ஏதாவது ஒரு பொதுத் தொடர்பைச் சுற்றியே உருவாயின. ஆல்டர்னாவின் வேர் 1908இல் ஒட்டாவா அரச ஊழியர்கள் தொடங்கிய சங்கம். டூக்காவை 1954இல் ரொறன்ரோவுக்குக் குடியேறிய டச்சுக்காரர்கள் தொடங்கினார்கள். வங்கிகள் தங்களை நம்பிக் கடன் தராத காலத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்து வீடு வாங்கிய மக்கள் அவர்கள். உக்ரேனியர்களின் புடுச்னிஸ்ட் 1952இல் தொடங்கியது. இன்று ஆல்டர்னா, டூக்கா, மாகாணத்தின் மிகப் பெரிய கிரெடிட் யூனியனான மெரிடியன் ஆகியவற்றில் ஒன்ராறியோவில் வசிக்கும் எவரும் சேரலாம். சில மட்டும் இன்னும் ஒரு தொழிலுக்கோ பணியிடத்துக்கோ உரியவை. ஆகவே மருத்துவமனையிலோ பள்ளிச் சபையிலோ மாநகர சபையிலோ தொழிற்சாலையிலோ வேலை கிடைத்தால், ஊழியர்களுக்கென்று கிரெடிட் யூனியன் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிலும் தொழிற்சங்கத்திலும் கேளுங்கள். அப்படிப்பட்ட சிறிய சங்கங்களில் உங்கள் வேலையையும் சம்பளத்தையும் விளக்க வேண்டியதே இருக்காது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் கிளை உள்ள இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரெடிட் யூனியனின் பயன் நேரில் போய்ப் பேசுவதில்தான் இருக்கிறது. கிளை எட்டாத தூரத்தில் இருந்தால் பாதிப் பயன் போய்விடும்.

மூன்றாம் படி: பணம் பாதுகாப்பாக இருக்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் நம் மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போன கதைகளையும், நிதி நிறுவனங்கள் இரவோடிரவாக மூடிய கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அச்சம் நல்லது. அதை வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஒன்ராறியோவில் கிரெடிட் யூனியன்களைக் கண்காணிப்பது எஃப்எஸ்ஆர்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம். வைப்புக் காப்புறுதியையும் அதுவே நடத்துகிறது. சாதாரணச் சேமிப்பு, நடைமுறைக் கணக்கு, நிலையான வைப்பு ஆகியவற்றில் ஒரு கிரெடிட் யூனியனில் ஒருவருக்கு மொத்தம் 250,000 டொலர்வரை காப்புறுதி உண்டு. ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்பு), டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்பு), ஆர்ஈஎஸ்பி (பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு) போன்ற பதிவுபெற்ற கணக்குகளில் வைப்பாக இருக்கும் பணத்துக்கு உச்சவரம்பே இல்லை. கூட்டுக் கணக்குக்குத் தனிக் காப்புறுதி. இதற்காக நீங்கள் விண்ணப்பிக்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எஃப்எஸ்ஆர்ஏ இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்தக் கிரெடிட் யூனியனின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கிளையில் உள்ளவர் வாயால் சொன்னது போதாது.

காப்புறுதி எதற்கு இல்லை என்பதை அறிவது இதைவிட முக்கியம். உறுப்பினராவதற்கு வாங்கும் பங்குக்கு இல்லை. அது சிறு தொகை என்பதால் பரவாயில்லை. முதலீட்டுப் பங்கு என்ற பெயரில் ஆண்டுக்கு நல்ல இலாபம் தருவதாகச் சொல்லி விற்கப்படுவதற்கு இல்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கு இல்லை.

பேஸ் கிரெடிட் யூனியனின் கதை இதற்கு நேரடிப் பாடம். மேலிடத்தில் இருந்தவர்கள்மீது எழுந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை அடுத்து 2018இல் ஒழுங்குமுறை அமைப்பு அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 2022இல் அதன் தொழில் ஆல்டர்னாவுக்குப் போனது. இவ்வளவு நடந்தும் சாதாரண வைப்பாளர்கள் தங்கள் வைப்பை இழக்கவில்லை. ஆனால் அதன் துணை நிறுவனம் விற்ற முன்னுரிமைப் பங்குகளை வாங்கியவர்கள் 2020இல் பெரும் இழப்புக்குள்ளாகி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாதுகாப்பான வைப்பைத் தேடி வந்த இடத்தில் அதே மேசைக்குப் பக்கத்தில் வேறொன்றை வாங்கியதுதான் அவர்களுக்கு நேர்ந்தது. ஆகவே யார் எதை நீட்டினாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இது காப்புறுதி உள்ள வைப்பா, இல்லையா?” பதிலில் “ஆம்”, “இல்லை” தவிர வேறு எது வந்தாலும் கையொப்பம் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: நேரில் போய்க் கேளுங்கள்

கணக்குத் திறப்பதற்காக அல்லாமல், கேட்பதற்காகவே ஒருமுறை போங்கள். வெள்ளிக்கிழமையும் மாதத் தொடக்கமும் வேண்டாம். கூட்டம் இருக்கும், பேச நேரம் கிடைக்காது. எப்படி வரவேற்கிறார்கள், ஆங்கிலம் தடுமாறினால் பொறுமையாகக் கேட்கிறார்களா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கேட்க வேண்டியவை இவை. கனடாவில் கடன் வரலாறு இல்லாத புது உறுப்பினருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? கடன் விண்ணப்பத்தை இந்தக் கிளையில் முடிவு செய்கிறார்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? மாதக் கட்டணம் இல்லாத கணக்கு எது, அதில் எத்தனை கொடுக்கல் வாங்கல் செய்யலாம்? இணையம் வழியாக இன்னொருவர் கணக்குக்குப் பணம் அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்பருக்குக் கட்டணம் உண்டா? எந்தெந்த ஏடிஎம்களில் இலவசமாகப் பணம் எடுக்கலாம்? காசோலை போட்டால் எத்தனை நாள் நிறுத்திவைப்பீர்கள்? கணக்கில் பணம் போதாமல் கொடுப்பனவு திரும்பினால் என்ன தண்டம்? கடைசிக் கேள்வியைச் சங்கடப்படாமல் கேளுங்கள். வாடகையும் கார் காப்புறுதியும் ஒரே நாளில் வெட்டப்படும் மாதத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் இது நேரக்கூடியது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைபேசிச் செயலி பெரிய வங்கிகளுடையது அளவுக்கு இருக்காது. கிளைகள் குறைவு. வேறு மாகாணத்துக்கு வேலை கிடைத்துப் போனால் ஒன்ராறியோ கிரெடிட் யூனியனுக்கு அங்கே கிளை இருக்காது. மறுபடி தொடங்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதி சில இடங்களில் வலுவில்லை. ஆனால் ஊருக்குப் பணம் அனுப்ப நம்மவர்கள் பெரும்பாலும் வேறு வழிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இது பெரிய தடையாக இராது.

ஐந்தாம் படி: உறுப்பினராவது

கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை அல்லது அதை உறுதிசெய்யும் பத்திரம், வேலை அனுமதி அல்லது படிப்பு அனுமதி, அகதிக் கோரிக்கையாளர் ஆவணம் ஆகியவற்றில் உங்களிடம் இருப்பதைக் கொண்டுபோங்கள். முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ தொலைபேசிப் பற்றுச்சீட்டோ உதவும். வட்டி தரும் கணக்குக்குச் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் கேட்பார்கள், அது வருமான வரிக்காக. 9இல் தொடங்கும் தற்காலிக இலக்கமாக இருந்தாலும் தடையில்லை. உறுப்பினர் பங்கு சில இடங்களில் 1 டொலர், சில இடங்களில் அதைவிடச் சற்று அதிகம். விலகும்போது திரும்பக் கிடைக்கும்.

பெற்றோரைக் கூட்டி வந்திருப்பவர்கள் அவர்களையும் தனியே உறுப்பினராக்குங்கள். பிள்ளையின் கணக்கில் அவர்களின் முதியோர் கொடுப்பனவு விழுவது வசதிதான். ஆனாலும் தங்கள் பெயரில் ஒரு கணக்கு இருப்பது அவர்களின் மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் தேவை.

ஆறாம் படி: கடன் வரலாற்றைக் கட்டுவது

இதற்குத்தான் கிரெடிட் யூனியன் மிகவும் பயன்படும். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஊரில் எத்தனை கடனை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. எக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் உங்கள் கடன் பதிவை வைத்திருக்கின்றன. 300 முதல் 900வரை புள்ளி. புதிதாக வந்தவரின் பதிவு வெறுமையாக இருக்கும். மோசமான பதிவுக்கும் வெறுமையான பதிவுக்கும் கணினி அதிக வேறுபாடு பார்ப்பதில்லை.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் பலர் வந்த முதல் ஆண்டிலேயே சீட்டில் சேர்ந்துவிடுகிறார்கள். மாதம் தவறாமல் 500, 1,000 டொலர் கட்டும் அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். வங்கிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில் கார், கடை, வீட்டு முற்பணம் எல்லாவற்றுக்கும் சீட்டுத்தான் கைகொடுத்தது. ஆனால் இரண்டு உண்மைகளை மறக்கக் கூடாது. சீட்டுப் பணத்துக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டியிருந்தாலும் எக்குவிஃபாக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. வீடு வாங்கப் போகும்போது அந்த நாணயத்துக்குச் சான்று இல்லை. சீட்டுக்குப் போகும் தொகையில் ஒரு பகுதியையாவது கிரெடிட் யூனியன் வழியாகத் திருப்பினால் அதே ஒழுக்கம் பதிவாகும்.

செய்முறை எளிது. 1,000 டொலரை வைப்பாகப் போட்டு, அதை ஈடாக வைத்து 1,000 டொலர் கடன் கேளுங்கள். வைப்பு ஈடாக இருப்பதால் வரலாறு இல்லாதவருக்கும் கொடுப்பார்கள், வட்டியும் குறைவு. பன்னிரண்டு மாதத் தவணையில் கட்டி முடித்தால் ஒரு கடனை ஒழுங்காகத் தீர்த்தவர் என்ற பதிவு உருவாகும், ஈட்டுப் பணமும் கையில் இருக்கும். ஆனால் கையொப்பமிடும் முன்பு, இந்தக் கடனை இரு பதிவு நிறுவனங்களுக்கும் அறிவிப்பீர்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சிறிய கிரெடிட் யூனியன்கள் சில, எல்லாக் கடனையும் அறிவிப்பதில்லை. அறிவிக்கப்படாத கடனால் இந்த நோக்கம் நிறைவேறாது.

கிரெடிட் கார்டு விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல கிரெடிட் யூனியன்களின் பெயர் பொறித்த அட்டைகளை உண்மையில் வேறொரு நிறுவனம் வழங்குகிறது. ஒப்புதலும் அந்த நிறுவனத்துடையது. அங்கே கிளை அதிகாரியின் நல்லெண்ணம் உதவாமல் போகலாம். பெரிய வங்கி தந்த புதுவரவாளர் அட்டை ஏற்கெனவே இருந்தால் அதை மூட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாவிட்டால் அதுவே உங்கள் மிகப் பழைய பதிவாக இருந்து உதவும். அட்டையின் கடன் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்தாமல், மாதா மாதம் முழுவதையும் கட்டிவிடுங்கள்.

அவசரக் கடன் கடைகளைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சம்பளம் வருமுன் 100 டொலருக்கு 14 டொலர் கட்டணம் என்று சட்டம் 2025 ஜனவரியிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. கேட்கச் சிறிதாகத் தெரியும். 500 டொலரை இரண்டு வாரத்துக்கு எடுத்தால் 70 டொலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 360 வீதத்துக்கும் மேல். அதே 500 டொலருக்கு 12 வீத வட்டியில், தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கிரெடிட் யூனியன் கடன் வரம்பு இருந்தால் இரண்டு வாரத்துக்கு வட்டி சுமார் 2 டொலர் 30 சதம். இந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகும் அந்தக் கடைக்குப் போகிறவர்கள் அறியாமையால் போவதில்லை; அவர்களுக்கு அன்று வேறு கதவு திறந்திருக்கவில்லை. ஆகவே அவசரம் வருமுன், கையில் வேலை இருக்கும் நல்ல மாதத்தில், 500 அல்லது 1,000 டொலருக்கு ஒரு சிறு கடன் வரம்பு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காதவரை அதற்கு வட்டி இல்லை.

ஏழாம் படி: பணத்தை நகர்த்துவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் சம்பளம். புதுக் கணக்கின் நேரடி வைப்புப் படிவத்தை வாங்கி வேலையிடத்தில் கொடுங்கள். அதில் மூன்று இலக்க நிறுவன எண், ஐந்து இலக்கக் கிளை எண், பிறகு கணக்கு எண் என்று இருக்கும். ஒரு சம்பளம் சரியாக வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு பிள்ளைகள் கொடுப்பனவை வருமான வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கில் மாற்றுங்கள். அதன் பிறகே வாடகை, கார் காப்புறுதி, தொலைபேசி, மின்சாரம். இரண்டு மூன்று மாதம் பழைய கணக்கில் சில நூறு டொலர் விட்டுவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெட்டப்படும் ஏதாவது ஒன்று மறந்துபோயிருக்கும். அது திரும்பினால் தண்டம் வரும், கடன் பதிவில் கறையும் படியலாம். பழைய கணக்கை மூடும்போது, மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கடன்

சில ஆண்டுகள் கழித்து வரும் விஷயம் என்றாலும் இப்போதே மனதில் இருக்கட்டும். கூட்டாட்சிக் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளைக் கட்டுப்படுத்தும் வட்டி உயர்வுத் தாங்குசோதனை (வட்டி உயர்ந்தாலும் கடனைக் கட்ட முடியுமா என்று பார்ப்பது), மாகாணக் கிரெடிட் யூனியன்களை அதே வகையில் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் பல அதைத் தாங்களாகவே பின்பற்றுகின்றன. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்து, கடனுக்குக் காப்புறுதி எடுக்கும் இடத்தில் எப்படியும் அந்தச் சோதனை வரும். சுயதொழில் செய்பவர்களுக்கும், கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு அதை வருமானமாகக் காட்ட விரும்புகிறவர்களுக்கும் கிரெடிட் யூனியனில் பேச இடமிருக்கிறது. சோதனையைத் தவிர்த்து அதிகக் கடன் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். வட்டி உயர்ந்தால் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து நீங்களே கணக்குப் போடுங்கள். இடையில் விற்றால் அல்லது மாறினால் தண்டம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுத் தொகையோடு எழுத்தில் கேளுங்கள். வட்டிவீதத்தில் 0.1 வீதம் குறைவாகக் கிடைத்ததைவிட இந்தப் பதில் பல மடங்கு பெரிய தொகையை முடிவு செய்யும்.

உறுப்பினராக நடந்துகொள்வது

பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாக்களிப்பதில்லை. வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் வந்தால் குப்பையில் போடாதீர்கள். நிதி அறிக்கையில் இரண்டு இடங்களை மட்டுமாவது பாருங்கள்: இந்த ஆண்டு இலாபமா நட்டமா, திரும்பி வராத கடனுக்கென ஒதுக்கிய தொகை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா. புரியாவிட்டால் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள். கேட்கும் நீங்கள் உரிமையாளர், பதில் சொல்வது அவர்கள் கடமை. டச்சுக்காரர்களும் உக்ரேனியர்களும் இந்த நகரத்தில் வீடும் கடையும் கட்டியது இப்படிக் கூடி உட்கார்ந்துதான். நம் சமூகத்திலிருந்து கணக்கியல் தெரிந்தவர்கள், சிறுதொழில் நடத்தியவர்கள், தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்கள் இயக்குநர் சபைக்குப் போட்டியிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். புதுவரவாளருக்குக் கடன் கொடுக்கும் விதியை எழுதும் மேசையில் புதுவரவாளராக வாழ்ந்த ஒருவர் இருந்தால், ஊரில் பெற்ற தொழில் அனுபவத்தையும் வாடகைப் பதிவையும் எப்படி எடைபோடுவது என்ற பேச்சு அங்கே எழும்.

போட்டியிட நினைப்பவர்கள் கூட்ட அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பல இடங்களில் வேட்புமனு பெறும் காலம் கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். எப்போது தொடங்குகிறது, எத்தனை உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும் என்று கிளையில் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.